ரூட்டரில் மரக் கடிகாரப் பற்சக்கரம்: முதல் சக்கரம் வெட்டுபவர்களுக்கு

மரக் கடிகாரம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பல்லின் வடிவத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வளைவு சரியாக வருமா, நுனி கூராகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் முதல் சக்கரம் சுற்றாமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் பல் இல்லை, மையம்தான். அச்சுத் துளை ஓரிடத்திலும் பற்களின் வட்டத்துக்கு மையம் அரை மி.மீ. தள்ளி இன்னோரிடத்திலும் இருந்தால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். ஒரு முழுச் சுற்றில் பல் இறங்கும் ஆழம் 1 மி.மீ. ஏறி இறங்கிவிடும். அதைப் பல்லை அராவிச் சரிசெய்ய முடியாது.

அதனால், ரூட்டரில் (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் கையியந்திரம்) சக்கரம் வெட்டச் சொல்லித்தரும் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகிறது. முதலில் மையத் துளை போட வேண்டும். அதற்குப் பிறகு வெளிவட்டம், பல், பினியன் (பெரிய சக்கரம் சுற்றும் சின்னப் பற்சக்கரம்), உப்புத்தாள் தேய்ப்பு எல்லாமே அந்தத் துளையை ஒரே அளவுக் கம்பியில் மாட்டித்தான் நடக்க வேண்டும். இங்கே 6 மி.மீ. எஃகுக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் அச்சாக வரப்போவதும் அதே 6 மி.மீ. கம்பிதான்.

முதலில் கணக்கு

ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் சுமார் 994 மி.மீ. அதோடு, ஊசலின் வீச்சுக்கு ஏற்ப ஒவ்வொரு பல்லாக விடுபட்டு நகரும் எஸ்கேப் சக்கரத்தை 30 பல்லோடு சேர்த்தால், இரண்டு வீச்சுக்கு ஒரு பல் நகர்ந்து, 60 விநாடியில் ஒரு சுற்று முடியும். நிமிட முள்ளின் அச்சு ஒரு மணிக்கு ஒரு சுற்று. ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில் 60 மடங்கு வேகம் கூட்ட வேண்டும். நிமிட அச்சில் 64 பல் சக்கரம், அது 8 பல் பினியனைச் சுற்றும்: 8 மடங்கு. அந்தப் பினியனின் அச்சில் 60 பல் சக்கரம், அது எஸ்கேப் சக்கரத்தின் 8 பல் பினியனைச் சுற்றும்: 7.5 மடங்கு. 8 × 7.5 = 60. மணி முள்ளுக்கு 12 மடங்கு குறைக்க வேண்டும். 10 பல் 30-ஐச் சுற்ற, அதே அச்சிலுள்ள 8 பல் 32-ஐச் சுற்றினால் 3 × 4 = 12. இரண்டு ஜோடியிலும் கூட்டுத்தொகை 40 என்பதால் அச்சுகளின் இடைவெளியும் ஒன்றாகவே அமையும்.

பல்லின் அளவைக் குறிக்க மாட்யூல் என்ற எண் உண்டு. பிட்ச் வட்டத்தின் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். பிட்ச் வட்டம் என்பது இரண்டு சக்கரங்களும் பல்லே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று உருண்டால் தொட்டுக்கொள்ளும் கற்பனை வட்டம். முதல் கடிகாரத்துக்கு மாட்யூல் 3 எடுங்கள் என்பேன். 64 பல் சக்கரத்தின் பிட்ச் விட்டம் 192 மி.மீ., 60 பல்லுக்கு 180, 8 பல் பினியனுக்கு 24. அச்சிலிருந்து அச்சுக்கு இடைவெளி முதல் ஜோடிக்கு (192 + 24) ÷ 2 = 108 மி.மீ., இரண்டாவதற்கு 102 மி.மீ. பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் பிட்ச் வட்டத்தில் 9.42 மி.மீ. மாட்யூலைக் குறைத்தால் சக்கரம் கையடக்கமாக வரும், ஆனால் பிட்டும் (ரூட்டரில் சுழலும் வெட்டுமுனை) மெலிய வேண்டும். மெல்லிய பிட் வேகமாக உடையும், பல்லும் பலவீனமாகும். மாட்யூல் 3-க்கு 4 மி.மீ. நேர் பிட் போதும்.

எந்த வடிவப் பல்?

இன்றைய எந்திரங்களில் பெரும்பாலானவை இன்வால்யூட் பல், அதாவது வட்டத்தில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிரிக்கும்போது நூல்நுனி வரையும் வளைவு. கடிகாரக்காரர்கள் நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருப்பது சைக்ளாய்டு பல், அதாவது உருளும் வட்டத்தின் ஒரு புள்ளி வரையும் வளைவு. காரணம் இருக்கிறது. கடிகாரத்தில் பெரிய சக்கரம்தான் சின்னப் பினியனைத் தள்ளுகிறது, அதுவும் வெறும் 6, 8 பல் பினியனை. அவ்வளவு குறைந்த பல்லில் சாதாரண இன்வால்யூட் வடிவத்தின் அடிப்பகுதி அரிக்கப்பட்டு மெலிந்துவிடும்.

ரூட்டர் பிடிப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாட்யூல் 3, 60 பல், 20 டிகிரி இன்வால்யூட் சக்கரத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே அடியில் இருக்கும் இடைவெளி சுமார் 2.4 மி.மீ.தான். 3 மி.மீ. பிட்கூட அடிவரை இறங்காது. சைக்ளாய்டு சக்கரத்தில் பிட்ச் வட்டத்துக்குக் கீழே பல்லின் பக்கங்கள் மையத்தை நோக்கிய நேர்க்கோடுகள். அதனால் இடைவெளி அடியிலும் பெரிதாகக் குறுகாது. நேர் பிட் நேராகப் போய் நேராக வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பினியனுக்குப் பல் வெட்டவே வேண்டாம். இரண்டு சின்ன வட்டத் தட்டுகளுக்கு நடுவே 8 எஃகுக் கம்பிகளைக் கூண்டுபோல நிறுத்தினால் அதுவே பினியன். லாந்தர் பினியன் என்று பெயர். பெரிய சக்கரம் இதைத் தள்ளும்போது, பல்லும் கம்பியும் தொடுவது ஏறக்குறைய முழுவதும் மையக்கோட்டைத் தாண்டிய பிறகுதான். அப்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே உரசுவதால் சிக்கல் குறைவு. பல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இது பொறுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

மரம்

மரம் நார் போகும் திசையில் ஈரத்தால் ஏறக்குறைய நீளுவதே இல்லை. குறுக்கே நீளும், சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே பலகையிலிருந்து வெட்டிய வட்டம் பருவம் மாறினால் நீள்வட்டமாகிவிடுவது இதனால்தான். இன்னொரு ஆபத்து, நாருக்குக் குறுக்கே நிற்கும் பற்கள் விரலால் அழுத்தினாலே ஒடிந்துவிடும்.

இதற்கு ஜான் ஹாரிசன் கண்ட வழியைப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. பின்னாளில் கடல் கடிகாரம் செய்து புகழ்பெற்றவர், தொடங்கியது தச்சராகத்தான். 1713-லேயே மரத்தில் கடிகாரம் செய்தார். ஓக் மரச் சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் எடுத்து, பற்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டிலும் நார் வெளிநோக்கி ஓடும்படி பதித்தார். அச்சு சுற்றும் இடங்களுக்குத் தன்னிலேயே எண்ணெய்ப் பசை உள்ள லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தைப் போட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஈலை டெரி, நீர்விசையால் ஓடும் இயந்திரங்களை வைத்து 4,000 மரக் கடிகாரங்களை மூன்று ஆண்டில் செய்து தர ஒப்புக்கொண்டு முடித்தும் காட்டினார். அவர் சக்கரங்களுக்குச் செர்ரி மரம், பினியனுக்கு லாரல் என்று பிரித்துப் பயன்படுத்தினார். வேலைக்கேற்ற மரம் என்பதை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நமக்கு எளிய வழி பிளைவுட். 6 மி.மீ. பர்ச் பிளைவுட், அதிலும் மெல்லிய அடுக்குகள் நிறைய உள்ளதாகப் பாருங்கள். அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கே ஓடுவதால் எந்தப் பல்லும் முழுக்கப் பலவீனமாக இருக்காது. வாங்கும்போது ஓரத்தைக் கவனியுங்கள். உள்ளடுக்கில் சந்து தெரிந்தால் அது ஒரு பல்லின் நடுவில்தான் வந்து உட்காரும், அந்தப் பலகை வேண்டாம். தட்டையான இடத்தில் சில நாள் வைத்து, வேலை செய்யும் அறையின் ஈரத்துக்குப் பழகவிடுங்கள். பினியன் தட்டுக்கு மேப்பிள்போல நெருக்கமான கடின மரம் எடுங்கள். பழகிப் பார்க்க எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) பரவாயில்லை, பல் ஒரே சீராக வெட்டுப்படும். ஆனால் அதன் தூசு மிக நுண்ணியது, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

ரூட்டரும் பிட்டும்

சின்ன டிரிம் ரூட்டர் போதும். காலெட்டின் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) அளவும் பிட் தண்டின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. காலெட்டில் போட்டால் இறுக்கியதுபோலத் தெரியும், ஓட்டத்தில் நழுவி ஆழமாக இறங்கும். தண்டைக் காலெட்டின் அடிவரை நுழைத்துவிட்டு 2, 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். பிட் மாற்றும்போதெல்லாம் பிளக்கை உருவிவிடுங்கள். கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் மூன்றும் வேண்டும்.

பிட் 4 மி.மீ. நேர் பிட் அல்லது சுருள் பிட், கார்பைடு. சுருள் பிட்டில் சில்லை மேலே தள்ளும் வகை மேல்பரப்பு நாரைக் கிளப்பும். கீழே தள்ளும் வகை மேல்பரப்பை அழுத்தி வெட்டும், ஆனால் சில்லு வெளியேறாமல் சூடேறும். கீழே ஒரு பலிப்பலகை (பிட் இறங்கி வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று வைக்கும் வேண்டாத பலகை) இருந்தால் இரண்டும் வேலை செய்யும்.

ஜிக்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ஜிக் என்பது மரத்தையும் ரூட்டரையும் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு. அது சரியாக அமைந்தால் சக்கரம் தானாக வரும். அவசரப்பட வேண்டியது இங்கே இல்லை.

அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். அதில் செங்குத்தாக ஒரு துளை போட்டு 6 மி.மீ. எஃகுக் கம்பியை இறுக்கமாக நிறுத்துங்கள். கையால் டிரில் பிடித்துப் போடும் துளை சாய்ந்துவிடும், டிரில் ஸ்டாண்டு கட்டாயம். மூலைமட்டத்தை நான்கு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி நிறுத்த உதவும் பிரிப்புத் தட்டு. 300 மி.மீ. விட்ட வட்டம், நடுவில் 6 மி.மீ. துளை. 140 மி.மீ. ஆரத்தில் 64 துளைகள், 130 மி.மீ. ஆரத்தில் 60 துளைகள், எல்லாம் 3 மி.மீ. துளைகளின் இடங்களைக் கணினியில் வரைந்து ஏ3 தாளில் அச்சிட்டு ஒட்டுவது சுலபம். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று வையுங்கள். படத்திலேயே நீளவாக்கிலும் குறுக்கிலும் 200 மி.மீ. கோடு ஒன்று போட்டு, அச்சான பிறகு அளந்து பாருங்கள். ஒரு திசையில் மட்டும் இழுத்து அச்சிடும் பிரிண்டர்கள் உண்டு.

கவராயத்தை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக் குறிக்கும் பழக்கம் இந்த வேலைக்கு உதவாது. ஒரு தாவலுக்கு 0.05 மி.மீ. பிசகினாலும் 64 தாவலில் 3.2 மி.மீ. சேர்ந்துவிடும். கடைசிப் பல் ஒல்லியாகவோ தடியாகவோ நிற்கும் சக்கரங்கள் இப்படிப் பிறந்தவைதான். எப்போதும் ஒரே பூஜ்யத்திலிருந்து கோணமாக அளக்க வேண்டும். 64-க்கு ஒரு படி 5.625 டிகிரி, 60-க்கு 6 டிகிரி. துளை போட்ட பிறகு அடுத்தடுத்த துளை மையங்களின் நேர் இடைவெளி 64 வட்டத்தில் 13.74 மி.மீ., 60 வட்டத்தில் 13.61 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரில் சில இடங்களில் சோதித்துக்கொள்ளுங்கள்.

தட்டு சக்கரத்தைவிடப் பெரியதாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. 140 மி.மீ. ஆரத்தில் 0.3 மி.மீ. பிழை இருந்தால், பல் இருக்கும் 96 மி.மீ. ஆரத்தில் அது 0.2-ஆகச் சுருங்கிவிடும்.

தட்டைக் கம்பியில் மாட்டுங்கள். ஏதாவது ஒரு துளை வழியாக அடிப்பலகையில் 3 மி.மீ. துளை இறக்கி, அதில் ஒரு முளையைச் செருகினால் தட்டு பூட்டிக்கொள்ளும். இரண்டு வட்டத்துக்கும் தனித்தனிப் பூட்டுத்துளை. முளை கொஞ்சமும் ஆடக் கூடாது. ஆடினால் நுனியைச் சற்றுக் கூம்பாகத் தேய்த்துப் போடுங்கள், அழுத்தியதும் நடுவில் தானாக உட்காரும். பூட்டும் இடம் ரூட்டர் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், கைக்குப் பாதுகாப்பு.

மேலே, சக்கரத்தைத் தாண்டிப் பாலம்போல நிற்கும் இரண்டு இணைத் தண்டவாளச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவில் ரூட்டர் பொருத்திய சறுக்குப் பலகை முன்னும் பின்னும் மட்டும் ஓட வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கவே கூடாது. முழு அகலத்தில் வெட்டும் பிட் பக்கவாட்டில் இழுக்கும், ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு அகலமாக வரும். நடுக்கம்பியின் மேல்நுனி சறுக்குப் பலகையில் முட்டாத உயரத்தில் நிற்கட்டும்.

பிட்டின் பாதை நடுக்கம்பியின் மையத்தை நோக்கியே போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. வேண்டாத பலகைத் துண்டு ஒன்றைத் தட்டின்மேல் பொருத்தி, 1 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடு வெட்டுங்கள். தட்டைச் சரியாக அரைச் சுற்று, அதாவது 32 துளை, திருப்பி மறுபடி வெட்டுங்கள். மையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள் கிடைக்கும். நேர்ச்சட்டத்தை வைத்தால் இரண்டும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். ஒன்றுக்கொன்று விலகி இணையாக ஓடினால், அந்த விலகலில் பாதிதான் உங்கள் பிழை. தண்டவாளங்களை அந்தப் பாதி அளவு நகர்த்திவிட்டு மறுபடி சோதியுங்கள். இது சரியாகும்வரை நல்ல மரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். பாதை மையத்தைவிட்டுத் தள்ளியிருந்தால் எல்லாப் பல்லும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்.

வட்டம் வெட்டுதல்

பிளைவுட்டில் 6 மி.மீ. மையத் துளை. வெளிவட்டம் 64 பல் சக்கரத்துக்கு 199 மி.மீ., 60-க்கு 187 மி.மீ. (பிட்ச் வட்டத்துக்கு மேல் பல் 3.5 மி.மீ. உயரம் என்ற கணக்கு). ரூட்டரின் அடியில் ஒரு நீளத் தட்டைப் பொருத்தி, மையக் கம்பியைச் சுற்றி வருமாறு வெட்டுங்கள். முதலில் அரை மி.மீ. பெரிதாக வெட்டி எடுத்துவிட்டு, கடைசிச் சீவலை ஒரே சுற்றில் முடியுங்கள். வட்டத்தின் வெளியோரத்தைச் சீவும்போது, மேலிருந்து பார்க்கையில் ரூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். மாற்றிப் போனால் பிட் மரத்தில் ஏறி ஓடும், கையில் நிற்காது.

வட்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும். பல் வெட்டிய பிறகு வெளிவட்டத்தைச் சீவினால் பற்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகும்.

பல் வெட்டுதல்

பிரிப்புத் தட்டின்மேல் ஒரு பலிப்பலகை, அதன்மேல் சக்கர வட்டம், எல்லாம் நடுக்கம்பியில். பின்னால் ஆரங்களுக்கு (சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு) நடுவே வெட்டி எறியப்போகும் இடங்களில் இரண்டு மூன்று திருகு போட்டுத் தட்டோடு இறுக்கிவிடுங்கள். ஒட்டு நாடா மட்டும் நம்பத் தகுந்தது அல்ல, சூட்டில் மெல்ல நகரும். பல்லின் வடிவம் அச்சிட்ட தாளை வட்டத்தின் மேல் ஒட்டியிருந்தால் பின்னால் அராவும்போது கோடு வழிகாட்டும். தாளின் பல் இடைவெளி ஒன்று பிட்டின் பாதைக்கு நேரே வருமாறு பார்த்துப் பொருத்துங்கள்.

இப்போது நிறுத்துக்கட்டை, அதாவது சறுக்குப் பலகையைச் சரியான இடத்தில் தடுத்து நிறுத்தும் கட்டை. பள்ளத்தின் அடி, பிட்ச் வட்டத்துக்கு 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். 64 பல் சக்கரத்துக்கு அது மையத்திலிருந்து 93 மி.மீ. பிட்டின் பாதி 2 மி.மீ. சேர்த்தால் பிட்டின் மையம் 95 மி.மீ.-இல் நிற்க வேண்டும். இதை நேரடியாக அளக்க முடியாது. பிளக்கை உருவிவிட்டு, நடுக்கம்பியின் வெளிப்பக்கத்துக்கும் பிட்டின் உட்பக்கத்துக்கும் இடையே காலிப்பரை வையுங்கள். 95-இலிருந்து கம்பியின் பாதி 3-ஐயும் பிட்டின் பாதி 2-ஐயும் கழித்தால் 90 மி.மீ. காலிப்பர் 90 காட்டும் இடத்தில் கட்டையை இறுக்குங்கள். 60 பல்லுக்கு இதே கணக்கில் 84 மி.மீ.

ஆழம் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஆக 6 மி.மீ. பலகைக்கு மூன்று சுற்று, மூன்றாவது சுற்றில் பலிப்பலகையில் சற்றே இறங்கட்டும். ரூட்டரை மரத்துக்கு வெளியே வைத்து ஓடவிட்டு, வேகம் ஏறியதும் உள்ளே தள்ளுங்கள். கட்டையில் தட்டியதும் நிற்காமல் அதே வழியில் பின்னால் இழுங்கள். அங்கே ஒரு கணம் தயங்கினால்கூட அடியில் கருகும், கருகிய வாசனை வரும். ரூட்டரை அணைத்து அல்லது முழுவதும் வெளியே நிறுத்தி, முளையை எடுத்து, ஒரு துளை நகர்த்தி, முளையை அழுத்தி, அடுத்த பள்ளம். முளை உட்கார்ந்த பிறகு தட்டைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளத்தை மூன்று தடவையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாமே என்று தோன்றும். நான் முழுச் சுற்றாகப் போவதையே சொல்வேன். இரண்டாவது சுற்று தொடங்கும்போது, பிட் முதல் பள்ளத்துக்குள் பக்கம் எதையும் சீவாமல் இறங்கினால் ஜிக் அசையவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கச் சுவரில் மெல்லிய சுருள் சில்லு வந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. அங்கேயே நிறுத்தி முளை, திருகு, தண்டவாளம் மூன்றையும் பாருங்கள்.

நுனியை உருட்டுதல்

இப்போது கையில் இருப்பது நேர்ப் பள்ளங்கள் கொண்ட சக்கரம். பிட்ச் வட்டத்தில் பல் 5.42 மி.மீ. அகலம், நுனியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்படியே விட்டால் நுனி மூலைகள் பினியன் கம்பியில் முட்டும். பிட்ச் வட்டத்திலிருந்து நுனிவரை ஒவ்வொரு பக்கத்தையும் வளைவாக இறக்க வேண்டும். பிட்ச் வட்டத்தில் ஒன்றும் எடுக்கக் கூடாது, நுனியில் ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ.-க்குச் சற்று மேல். முடிவில் நுனி அகலம் 3 மி.மீ.-க்குக் கொஞ்சம் அதிகமாக நிற்கும்.

சக்கரத்தை அதே 6 மி.மீ. கம்பியில் மாட்டி, பென்சிலைப் பிட்ச் ஆரத்தில் பிடித்துச் சுற்றிப் பிட்ச் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய தட்டை அரம், அப்புறம் அரத்தில் சுற்றிய நுண் உப்புத்தாள். பிளைவுட்டில் அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள், பின்னால் இழுத்தால் மேலடுக்கு நார் கிளம்பும். கோட்டுக்குக் கீழே அரம் படவே கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுவை கொடுத்தால் பற்கள் ஆச்சரியப்படும் அளவு ஒன்றுபோல வரும். 64 பல், இரண்டு பக்கம், 128 முகம். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் கடிகாரம் ஓடும் ஓசை சீராக இருப்பது இதைப் பொறுத்தது.

லாந்தர் பினியன்

பினியனுக்குத் தனி ஜிக் வேண்டாம். 64 துளைத் தட்டில் எட்டுத் துளைக்கு ஒன்றாகத் தாவினால் 8 பிரிவு கிடைத்துவிடும்.

8 மி.மீ. தடிமன், 32 மி.மீ. விட்டத்தில் இரண்டு மரத் தட்டுகள், நடுவில் 6 மி.மீ. துளை. ரூட்டரில் இறங்கி வெட்டக்கூடிய 3 மி.மீ. பிட்டைப் போட்டு, பிட் மையம் அச்சு மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கச் செய்யுங்கள். கம்பிக்கும் பிட்டுக்கும் நடுவே காலிப்பரில் 7.5 மி.மீ. எட்டு இடத்திலும் மேலிருந்து கொஞ்ச ஆழம் இறக்கினால் போதும், மீதியை டிரில் ஸ்டாண்டில் 3 மி.மீ. டிரில் அதே குழியைப் பிடித்துக்கொண்டு நேராக இறக்கும். ஒரு தட்டில் துளை முழுதாகப் போகட்டும், இன்னொன்றில் பாதி ஆழம் மட்டும், கம்பி அந்தப் பக்கம் நழுவி விழாது. 3 மி.மீ. எஃகுக் கம்பிகளை வெட்டி, முனைகளின் பிசிறை அராவி, தட்டுகளுக்கு இடையே 10 மி.மீ. திறந்திருக்குமாறு செருகுங்கள். 6 மி.மீ. சக்கரம் அதற்குள் தாராளமாக ஓடும்.

சோதனை

ஒரு பலகையில் 108 மி.மீ. இடைவெளியில் இரண்டு 6 மி.மீ. கம்பிகள். அதில் ஒன்றை நீளத் துளையில் வைத்து, முன்பின் நகர்த்தி இறுக்கும்படி அமைத்தால் மிக உதவியாக இருக்கும். முதலில் சக்கரத்தை மட்டும் மாட்டி, நுனிகளுக்கு அருகே பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றுங்கள். எல்லா நுனியும் ஒரே இடைவெளியில் கடந்து போக வேண்டும்.

பினியனையும் மாட்டி விரலால் மெல்லச் சுற்றுங்கள். இறுகும் இடத்தில் பல்லின்மேல் பென்சிலால் புள்ளி வையுங்கள். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் புள்ளிகளே சொல்லிவிடும். எட்டுப் பல்லுக்கு ஒருமுறை இறுகினால் பினியனில் ஒரு கம்பி இடம் தவறியிருக்கிறது. ஒரே ஒரு பல்லில் இறுகினால் அந்தப் பல் தடிமன், அரம் எடுங்கள். அரை வட்டம் இறுகி அரை வட்டம் தளர்ந்தால் மையம் தள்ளியிருக்கிறது. அந்தச் சக்கரத்தை ஒதுக்கிவிட்டு ஜிக்கைச் சரிபார்த்துப் புதிதாக வெட்டுவதுதான் நல்லது. எல்லா இடமும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கம்பியை 0.2, 0.3 மி.மீ. விலக்கிப் பாருங்கள். ஊதினால் பினியன் சுழலும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். பல்லுக்கும் கம்பிக்கும் இடையே சற்றே லொடலொடப்பு இருந்தால் தவறில்லை, கடிகாரத்தில் எடை எப்போதும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. சுமூகமாக ஓடும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் துளை போட வேண்டியது அந்த அளவுக்குத்தான், தாளில் உள்ள 108-க்கு அல்ல.

சி.என்.சி. ரூட்டர் இருந்தால்

கணினி சொல்லும் பாதையில் தானாக ஓடும் ரூட்டர் இது. பிரிப்புத் தட்டும் அரமும் தேவையில்லை, சைக்ளாய்டு வளைவையே நேராக வெட்டிவிடலாம். ஆனால் மைய விதி அங்கேயும் அதேதான். பலகையை ஒருமுறை பொருத்திய பிறகு கழற்றாமல் மையத் துளை, ஆர இடைவெளிகள், கடைசியாகப் பல் வரிசை என்று உள்ளிருந்து வெளியே வாருங்கள். பலகையோடு பிடித்துக்கொள்ளும் சிறு பாலங்களை ஆர இடைவெளியிலோ பல் நுனியிலோ விடுங்கள், பல்லின் பக்கத்தில் வேண்டாம். முதல் வெட்டில் 0.2 மி.மீ. மிச்சம் வைத்து, கடைசியில் ஒரு மெல்லிய சீவல். தொடங்கும் முன் 50 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டிப் பல திசைகளில் அளந்து பாருங்கள். நீள்வட்டமாக வந்தால் இயந்திரத்தின் திருகிலோ பட்டையிலோ தளர்வு இருக்கிறது. அந்தத் தளர்வு ஒவ்வொரு பல்லிலும் வந்து நிற்கும்.

ஆரங்களும் பூச்சும்

நடுவில் உள்ள மரத்தைக் குடைந்து ஆரங்களாக்குவது அழகுக்கு மட்டும் இல்லை. எஸ்கேப் சக்கரமும் அதற்கு முந்தைய சக்கரமும் ஒவ்வொரு வீச்சுக்கும் நின்று கிளம்புகின்றன. அவை எவ்வளவு இலேசோ அவ்வளவு குறைந்த எடையில் கடிகாரம் ஓடும். எடை தொங்கும் முதல் சக்கரம் கனமாகவே இருக்கட்டும், அங்கே வலுதான் வேண்டும். உட்பக்கத்தை ரூட்டரில் வெட்டும்போது திசை மாறும், கடிகார முள் போகும் திசையில் போங்கள். விளிம்புக்குப் பள்ளத்தின் அடியிலிருந்து குறைந்தது 10 மி.மீ. மரம் விடுங்கள்.

முகங்களுக்கு மெல்லிய ஷெல்லாக் (அரக்கு) பூச்சு இரண்டு கை, இரண்டு பக்கமும் ஒரே அளவில். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் மறுபக்கம் ஏறிச் சக்கரம் வளையும். பல்லின் பக்கங்களில் பூச்சு தடித்தால் நீங்கள் அராவி எடுத்த வடிவம் மாறிவிடும், அங்கே துணியில் தொட்டுத் துடைத்தது போதும். பற்களுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். மரம் அதைக் குடித்து ஊதும், தூசும் ஒட்டிப் பசையாகும். எஃகுக் கம்பியில் உரசும் முகங்களில் கிராஃபைட் தூளை, அல்லது மென்மையான பென்சிலின் கரியை, லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நிறுத்துக்கட்டையை 84-க்கு மாற்றுங்கள்.